தட்கல்: ஒரு சொல், மூன்று கவுன்ட்டர்

கும்பகோணம் ஸ்டேஷன் முன்பதிவு கவுன்ட்டரில் அது “தக்கல்”. தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவை மையத்தில் “தட்கால்”. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் “தட்கல் சர்வீஸ்”. கூடுதலாகக் காசு கட்டிக் காரியத்தைச் சீக்கிரம் முடிக்க அரசாங்கமே திறந்து வைத்திருக்கும் வழிக்கு காவிரி டெல்டாவில் இப்போது இந்த ஒரு பேர்தான் புழங்குகிறது. பேர் ஒன்று, சரக்கு மூன்று. ரயிலில் விற்பது, தனியாக எடுத்து வைத்த படுக்கை. பாஸ்போர்ட்டில் விற்பது, போலீஸ் விசாரணையைப் பின்னுக்குத் தள்ளும் சலுகை. இ.பி.யில் விற்பது, பதிவு மூப்பைத் தாண்டும் உரிமை. ரயில் அதே வேகத்தில்தான் ஓடுகிறது, கம்பத்தை அதே ஆட்கள்தான் நடுகிறார்கள். மாறுவது வரிசையில் நம் இடம் மட்டும். ‘தட்கல்னா உடனே’ என்று நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

குழப்பம் சொல்லிலேயே ஆரம்பிக்கிறது. வடமொழியில் தத் + கால, அதாவது ‘அந்த நேரம்’. இந்தியில் அதற்கு ‘அந்த நொடியே, உடனே’ என்று பொருள். அதே சொல் தமிழுக்கு எப்போதோ வந்து, தற்சமயம் போலத் தகரம் றகரமாகித் தற்காலம் ஆனது. அதிலிருந்து தற்காலிகம் பிறந்தது. ஆக, அவர்களுக்கு உடனடி என்பது நமக்குக் கொஞ்ச நாளைக்கு மட்டும். “தட்கல் பாஸ்போர்ட்னா தற்காலிகமா? அப்புறம் மாத்திக்கணுமா?” என்று பெரியவர்கள் கேட்டால் சிரிக்கக் கூடாது. தமிழ்க் காதுக்கு அது நியாயமான கேள்வி. (மாற்ற வேண்டாம். பெரியவர்களுக்கு 10 ஆண்டு செல்லும் அதே பாஸ்போர்ட்தான்.) நடுவில் ‘ட்’ வந்தது இங்கிலீஷ் எழுத்தைப் படித்த வினை. பேச்சில் அது தேய்ந்து தக்கல் ஆகிவிட்டது.

நம்மிடம் இதற்குச் சொல் இல்லாமலா? ஆளை அவசரப்படுத்துவோம், வேலையைத் துரிதப்படுத்துவோம், மாட்டை முடுக்குவோம். இடம் மாறினால் இடிக்கும். “தம்பியைத் துரிதப்படுத்து” என்று யாரும் சொல்வதில்லை. ஜூன் 12-க்கு மேட்டூர் திறப்பதற்கு முன்னால், மே மாதம் முழுக்க, தூர்வாரும் பணியைத் துரிதப்படுத்த உத்தரவு, முடுக்கிவிட உத்தரவு என்று செய்தித்தாளில் இரண்டும் மாறி மாறி வரும். துரிதம் என்றால் என்ன என்று திருவையாற்றில் பாட்டுப் படிக்கும் பிள்ளையைக் கேட்டால் சரியாகச் சொல்லும்: முதல் காலத்தில் ஓர் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, துரித காலத்தில் நாலு. தாளம் போடும் கை மட்டும் வேகம் மாறவே கூடாது. அந்த அர்த்தத்தில் பார்த்தால் தட்கல் துரிதமே இல்லை. அதற்குப் பொருத்தம் முடுக்கு. வினையாக எடுத்தால் விரட்டுவது, பெயராக எடுத்தால் சந்து. பெரிய தெருவில் கூட்டம் நிற்கும்போது பக்கத்து முடுக்கு வழியாகப் போய் முன்னால் ஏறிக்கொள்வது. மூன்று தட்கலும் இதைத்தான் செய்கின்றன.

இலக்கணத்திலும் இது விருந்தாளிச் சொல்தான். தனியாக வினை ஆகாது. தக்கல் போடுவது, தக்கல் எடுப்பது, தக்கல்ல பணம் கட்டுவது என்று எப்போதும் இன்னொரு வினையின் தோளில் கை போட்டுக்கொண்டுதான் வரும்.

முதலில் ரயில்.

1997-இல் வந்த ஏற்பாடு. ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கும் செகண்ட் சிட்டிங்குக்கும் 11 மணி, பயணத்துக்கு முந்தின நாள். இந்த ‘முந்தின நாள்’தான் டெல்டாவில் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. கணக்கு நாம் ஏறும் ஸ்டேஷனுக்கு இல்லை, ரயில் புறப்படும் ஸ்டேஷனுக்கு. தஞ்சாவூரில் கிளம்பும் உழவன், மன்னார்குடியில் கிளம்பும் மன்னை என்றால் பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டிக்கு வியாழக்கிழமை 11 மணி. ஆனால் வெள்ளிக்கிழமை சாயந்திரம் தெற்கே எங்கோ கிளம்பி, நள்ளிரவு தாண்டி கும்பகோணமோ மயிலாடுதுறையோ வரும் வண்டியில் ஏறுகிறவருக்கு டிக்கெட்டில் சனிக்கிழமை தேதி இருக்கும். அவர் வெள்ளிக்கிழமை 11 மணிக்கு உட்கார்ந்தால், கடை ஒரு நாளுக்கு முன்னாலேயே திறந்து மூடியிருக்கும்.

போனில் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில்தான் தட்கல் போட முடியும். ஜூலை 15 முதல் ஆதாரில் பதிவான நம்பருக்கு ஓடிபி வருகிறது. ஊரில் பாதி அப்பா அம்மாவின் ஆதாரில் இருப்பது சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற பிள்ளையின் நம்பர். 11 மணி 1 நிமிடத்துக்கு அந்தப் பிள்ளை மீட்டிங்கில் இருந்தால் டிக்கெட் போச்சு. நம்பரை ஆதார் மையத்தில் முன்கூட்டியே மாற்றி வைக்கலாம். கவுன்ட்டருக்குப் போகிறவர்களும் போனைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. அங்கேயும் ஓடிபி கேட்கும் முறை வந்துவிட்டது.

ஸ்லீப்பருக்கு 10.55-க்குக் கணக்கின் உள்ளே நுழைந்தால் போதும். 10.30-க்கே நுழைந்து சும்மா வைத்திருந்தால் சரியாக நேரம் வரும்போது வெளியே தள்ளிவிடும். பயணிகள் பெயர், வயதை மாஸ்டர் லிஸ்டில் முதல் நாளே ஏற்றி வைக்க வேண்டும். ஒரு டிக்கெட்டில் 4 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. சாதாரண டிக்கெட்டுக்கு 6 பேர் என்ற ஞாபகத்தில் ஐந்தாவது ஆளைச் சேர்க்கப் பார்த்து அரை நிமிடத்தைத் தொலைக்கிறவர்கள் உண்டு. பணம் கட்ட ஐ.ஆர்.சி.டி.சி. வாலட்டில் முன்பே போட்டு வைப்பதுதான் எல்லாவற்றிலும் வேகம். பேங்க் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி வரும் பாதையில்தான் நிறைய டிக்கெட் செத்துப்போகிறது. பணம் பிடித்து டிக்கெட் வராவிட்டால் தொகை சில நாளில் திரும்பும், ஆனால் படுக்கை திரும்பாது.

பயணிகள் விவரத்துக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: உறுதியான இடம் கிடைத்தால் மட்டும் டிக்கெட் போடு என்று. யாரும் அதைத் தொடுவதில்லை. அதில் டிக் அடிக்காமல் விட்டால் தட்கல் வெயிட்டிங் லிஸ்டில் போய் விழுவோம், அது இருப்பதிலேயே மோசமான பட்டியல். இதில் ஆர்.ஏ.சி., அதாவது பாதிப் படுக்கையில் உட்கார்ந்து போகும் இடம், கிடையாது, ஏறினால் படுக்கை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. சார்ட் என்ற இறுதிப் பயணிகள் பட்டியலைப் போடும்போது பொது வெயிட்டிங்கில் இருப்பவர்களுக்குத்தான் முதல் உரிமை. பொது வெயிட்டிங்கில் 15 என்பது பல நாள் ஏறிவிடும், தட்கல் வெயிட்டிங்கில் 5 என்பது பெரும்பாலும் ஏறாது. ஆன்லைன் டிக்கெட் முழுக்க வெயிட்டிங்கிலேயே நின்றால் தானாக ரத்தாகிப் பணம் வந்துவிடும். கவுன்ட்டர் டிக்கெட் அப்படி ரத்தாகாது, வண்டி கிளம்ப 30 நிமிடத்துக்கு முன் நாமே போய் ரத்து செய்ய வேண்டும்.

கட்டணத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஸ்லீப்பரில் அடிப்படைக் கட்டணத்தில் 30 சதவீதம், குறைந்தது 100, அதிகம் 200 ரூபாய். டெல்டாவிலிருந்து சென்னைக்கு 30 சதவீதம் கணக்குப் போட்டால் 100-ஐத் தொடாது. ஆகவே குறைந்தபட்சமான 100 ரூபாய்தான் கூடுதல். இது நியாயமான விலை. மூன்றடுக்கு ஏ.சி.யில் கூடுதல் 300 முதல் 400, இரண்டடுக்கில் 400 முதல் 500. ஆனால் இந்த இரண்டிலும் இன்னொரு கத்தி ஒளிந்திருக்கிறது: தட்கலில் குறைந்தபட்சத் தூரம் 500 கிலோமீட்டர் என்று வைத்துத்தான் கட்டணம் போடுகிறார்கள். தஞ்சாவூர்–சென்னை எந்த வழியாகப் போனாலும் 400-ஐ எட்டாது. ஓடாத 100 கிலோமீட்டருக்கும் மேலே காசு கட்டுகிறோம். மயிலாடுதுறையில் ஏறுகிறவருக்கு நஷ்டம் இன்னும் அதிகம். முதல் வகுப்பு ஏ.சி.க்குத் தட்கலே கிடையாது. பிரீமியம் தட்கல் என்று ஒன்று தனியாக வரும். அதில் இடம் குறையக் குறைய விலை ஏறும், வெயிட்டிங் கிடையாது. பொங்கல் முடிந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சென்னைக்குத் திரும்புகிற கூட்டத்தில் அதன் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், பழக்கத்தில் பட்டனை அழுத்திவிட வேண்டாம்.

உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா வராது. வண்டி ரத்தானாலோ, ஏறும் இடத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நாம் போகாமல் விட்டாலோ முழுத் தொகை உண்டு. ஆனால் தாமதத்துக்கான டி.டி.ஆரை, அதாவது பணத்தைத் திரும்பக் கேட்கும் மனுவை, வண்டி உண்மையில் கிளம்புவதற்குள் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்று விட்டால் போச்சு. நாலு பேர் டிக்கெட்டில் இரண்டு பேர் உறுதி, இரண்டு பேர் வெயிட்டிங் என்று வந்தால், கிளம்ப அரை மணிக்கு முன் நாலையும் சேர்த்து ரத்து செய்தால் சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும். இது பலருக்குத் தெரியாது.

ஏஜென்ட் விஷயம். முதல் அரை மணி, அதாவது 10 முதல் 10.30, 11 முதல் 11.30 வரை அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்டுகளே தட்கல் போட முடியாது. “பதினொண்ணு அடிச்சதும் எடுத்துக் கொடுத்துடறேன் சார்” என்று சொல்லும் கடைக்காரர் யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் போடுகிறார் என்று அர்த்தம். ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவில் அது குற்றம். 3 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அவருக்கு, பாதி வழியில் செல்லாத டிக்கெட் நமக்கு.

ஸ்லீப்பர் தட்கலுக்குப் பத்துக்கு ஏழு மார்க் கொடுக்கலாம், ஏ.சி. தட்கலுக்கு நாலுக்கு மேல் மனசு வரவில்லை. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டது. ஊர்த் திருவிழா தேதி 60 நாளைக்கு முன் தெரிந்துவிடும் என்பதால் தட்கலுக்கு நிற்கவே வேண்டியதில்லை. கடைசி நேரத்தில் சார்ட் போட்ட பிறகு மிச்சமிருக்கும் இடத்தைக் கரன்ட் புக்கிங்கில் விற்கிறார்கள். அதற்குத் தட்கல் கட்டணம் இல்லை. வாரநாள் வண்டிகளில் இது அடிக்கடி கிடைக்கும்.

பாஸ்போர்ட் தட்கல் இந்த மூன்றில் சொன்னதைச் செய்யும் ஒன்று. 36 பக்கத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500, தட்கலுக்கு அதன்மேல் 2,000, மொத்தம் 3,500 ரூபாய். 60 பக்கம் என்றால் 4,000. ஆன்லைனில் சாதாரணக் கட்டணத்தைக் கட்டி நாள் வாங்க வேண்டும், மிச்சத்தை மையத்தில் கட்ட வேண்டும். டெல்டா மாவட்டங்கள் திருச்சி மண்டல அலுவலகத்தின் கீழ் வருகின்றன. தஞ்சாவூரிலேயே சேவை மையம் இருக்கிறது. விண்ணப்பம் ஏற்கப்பட்டால், அன்றைய நாளை விட்டு மூன்றாவது வேலை நாளில் அனுப்பப்படும் என்பது கணக்கு. போலீஸ் விசாரணை அதற்குப் பிறகு வரும்.

‘ஏற்கப்பட்டால்’ என்பதில்தான் சூட்சுமம். பெரியவர்கள் ஆதார், வாக்காளர் அட்டை, பான், ரேஷன் கார்டு போன்ற பட்டியலில் மூன்றைக் காட்ட வேண்டும், மூன்றிலும் பேர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது லேசுப்பட்ட காரியமில்லை, நமக்கு இனிஷியல் இருக்கிறதே! ஒன்றில் பேருக்கு முன்னால் ஓரெழுத்து, ஒன்றில் பின்னால், பானில் அப்பா பேர் முழுசாக விரிந்திருக்கும். விண்ணப்பத்தில் பேர், குடும்பப் பேர் என்று இரண்டு கட்டம். பள்ளிச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து பார்த்துவிட்டுப் பிறகு நாள் வாங்குங்கள். முதலில் நாளை வாங்கிவிட்டு அப்புறம் ஆதாரைத் திருத்த ஓடுவதில்தான் வாரங்கள் போகின்றன. பேரைப் பெரிதாக மாற்றிக்கொண்டவர்களுக்குத் தட்கலே இல்லை.

முகவரியில் இன்னொரு டெல்டா சிக்கல். 1991-க்கு முன் மயிலாடுதுறையில் பிறந்தவரின் பழைய காகிதத்தில் தஞ்சாவூர் மாவட்டம், அடுத்து நாகப்பட்டினம், 2020 டிசம்பருக்குப் பிறகு மயிலாடுதுறை மாவட்டம். ஆள் வீட்டை விட்டு நகரவே இல்லை, மாவட்டம்தான் இரண்டு தடவை இடம்பெயர்ந்திருக்கிறது. விண்ணப்ப முகவரியில் இப்போதைய மாவட்டமும், அந்தத் தெருவுக்கு உண்மையில் பொறுப்பான காவல் நிலையமும் இருக்க வேண்டும். காவல் நிலையம் தப்பினால் விசாரணைத் தாள் தப்பான ஊருக்குப் போகும். பாஸ்போர்ட் கைக்கு வந்ததே என்று விசாரணைக்கு முன்னால் விமானம் ஏறிவிட்டு, வீட்டில் பதில் சொல்ல ஆளில்லாமல் விட்டால், பின்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். மற்றபடி, வெளிநாட்டு வேலைக்குத் தேதி வந்துவிட்டவருக்கு 2,000 ரூபாய் பெரிய தொகை இல்லை.

இ.பி. தட்கல்தான் பெரிய பணம். விவசாய மோட்டாருக்குக் காத்திருப்போர் பட்டியல் பல வருஷம் நீளும். மூப்பைத் தாண்டி வாங்க 5 எச்.பி.க்கு 2.5 லட்சம், 7.5-க்கு 2.75 லட்சம், 10-க்கு 3 லட்சம், 15-க்கு 4 லட்சம் என்று தொகை வைத்துத் திட்டத்தை அவ்வப்போது திறக்கிறார்கள். செய்தித்தாளில் இதைத் துரித மின் இணைப்பு என்றும் விரைவு மின் இணைப்பு என்றும் எழுதுவார்கள். வாய்க்காலோரத்தில் கேட்டால் தக்கல்தான். கரன்ட் மற்ற விவசாய சர்வீஸ் போல இலவசமே.

தொகை எச்.பி. கணக்கில் இருக்கிறதைக் கவனியுங்கள், கம்பத்தின் கணக்கில் இல்லை. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வயல்காரரும் பத்துக் கம்பம் தள்ளி இருப்பவரும் ஒரே பணம் கட்டுகிறார்கள். ஆக, தூரத்து வயலுக்கு இது லாபம், பக்கத்து வயலுக்கு நன்றாக யோசிக்க வேண்டிய செலவு. அதோடு 5-க்கும் 7.5-க்கும் 25 ஆயிரம்தான் வித்தியாசம் என்று தேவைக்கு மேலே மோட்டார் எடுப்பதும் தப்பு. ஃபில்டர் பாயின்ட் போர் எவ்வளவு தண்ணீர் தருகிறதோ அவ்வளவுதான் மோட்டார் இழுக்கும். மிஞ்சினால் காற்றையும் மணலையும் இழுத்து பம்பைத் தேய்க்கும்.

வேலை எங்கே நிற்கிறது என்றால், பெரும்பாலும் காகிதத்தில். கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளி கையெழுத்துப் போடாவிட்டால் அங்கேயே நிற்கும். கிணறோ போரோ இருக்கும் சர்வே எண்ணும், வி.ஏ.ஓ. சான்றில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். உட்பிரிவு செய்த நிலத்தில் பழைய எண்ணே சான்றில் வந்துவிடுவது அடிக்கடி நடக்கும். சிட்டா, அடங்கல், புல வரைபடம் மூன்றையும் வைத்துக்கொண்டு போர் போட்ட இடம் எந்த உட்பிரிவில் விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

அடுத்தது வயல். பணம் கட்டிய ரசீது கையில் இருந்தாலும் சம்பாப் பயிர் நிற்கும்போது அடுத்தவர் வயல் வழியாகக் கம்பம் கொண்டுபோக விட மாட்டார்கள், அது நியாயமும்தான். தாளடி அறுவடை முடிந்து, அதன்மேல் தெளித்த உளுந்து, பயறும் எடுத்த பிறகு, ஏப்ரல் மே இரண்டு மாதம்தான் தரை சும்மா இருக்கும். குறுவை நாற்றங்காலுக்கு மோட்டார் தண்ணீர் வேண்டும் என்று திட்டமிடுகிறவர் பணத்தையும் காகிதத்தையும் தையிலேயே முடித்துவிட வேண்டும். சித்திரையில் கட்டினால், கம்பம் வருவதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். கம்பி எந்த வரப்பு மேலே போகிறது என்பதைப் பொறியாளர் அளக்க வரும் அன்றே கூட நின்று, பக்கத்து வயல்காரரையும் கூப்பிட்டு வைத்துப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மோட்டார், ஸ்டார்ட்டர், கெபாசிட்டர் மூன்றும் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஷெட்டில் தயாராக இருக்க வேண்டும். கெபாசிட்டர் இல்லாமல் இணைப்பு கொடுக்க மாட்டார்கள். அதை மறந்துவிட்டு, லைன்மேன் வந்து நிற்கும்போது டவுனுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.